விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு

புதிதாகக் கட்டிய கொம்பியூட்டரில் படம் வரவில்லை என்று தேடினால் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான். நல்லதென்று தெரிந்த வேறொரு ரேமைப் போட்டுப் பாருங்கள், வேறொரு பவர் சப்ளையைக் கொடுத்துப் பாருங்கள், வேறொரு கிராபிக்ஸ் கார்டை மாட்டிப் பாருங்கள். சரி, மட்டக்களப்பில் இருந்துகொண்டு அந்த ‘வேறொன்று’க்கு எங்கே போவது? டவுனில் கடை இல்லாமல் இல்லை. கீபோர்ட், டோனர், பழைய ஒபிஸ் மெஷின்களுக்கான ரேம் எல்லாம் எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் கொழும்புக்குத்தான் சொல்ல வேண்டும். இரவு பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவார்கள், அதில் குறையில்லை. ஆனால் வாரண்டிக்கு ஒரு பொருளைத் திருப்பி அனுப்புவதென்றால் கடைக்காரர் முதலில் கேட்பது “எது பழுது?” என்றுதான். நமக்கும் அதுதான் தெரியவில்லை.

மாட்டிப் பார்க்க வசதியில்லாத ஊரில் கழற்றிப் பார்க்கலாம் என்பது என் கட்சி. ஒன்றை மாற்றுவதற்குத்தான் இன்னொன்று வேண்டும். கழற்றுவதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். எதைக் கழற்றினால் மெஷின் என்ன சொல்கிறது, எதைக் கழற்றினாலும் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக்கு மேல் விளங்கிவிடும். அக்காவின் மகன், நான் தம்பி என்று கூப்பிடுகிறவன், கட்டிய மெஷினில் இதைத்தான் செய்தோம். அதில் பழுது ஒன்றல்ல, இரண்டு. ஒன்றுக்குப் பின்னால் மற்றது ஒளிந்திருந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஏ.எல் எழுதிவிட்டு கெம்பஸ் கிடைக்கும்வரை கல்யாண வீடியோ எடிட் பண்ணப் போகிறேன் என்று தம்பி சேர்த்த மெஷின் அது. ரைசன் 5 5600 ப்ராசசர், 16 ஜிபி டிடிஆர்4 ரேம், பவர் சப்ளை மூன்றும் புதிது. பி450 மதர்போர்டும் ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டும் பாவித்தவை. இப்படிப் பாதி புதிது, பாதி பழசு என்று கட்டுவது இங்கே இப்போது வழமையாகிவிட்டது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பிறகு, 200 ரூபாவை ஒட்டிக் கிடந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 வரை போனது. அன்றிலிருந்து புதுக் கிராபிக்ஸ் கார்டின் விலையைக் கேட்டால் வீட்டில் பெரியவர்கள் எழும்பிப் போய்விடுகிறார்கள். அதே வருடம் செப்டம்பர் 15 ஆம் திகதி எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளைக் கணக்குப் போடவிட்டு நாணயம் எடுக்கும் மைனிங் முறையைக் கைவிட்டது. உலகம் முழுக்க இரவு பகலாக ஓடிய கார்டுகள் வேலையிழந்து விற்பனைக்கு வந்தன. 2017 இல் வெளிவந்த ஆர்எக்ஸ் 580 மட்டக்களப்பில் எங்கள் கல்லடிக்கு வந்து சேர்ந்த வழி அநேகமாக அதுதான்.

வீடியோ பார்த்துப் பார்த்து மெஷினைத் தானே கட்டினான். வடிவாகத்தான் கட்டியிருந்தான், வயரெல்லாம் ஒழுங்காக. பவர் பட்டனை அமுக்கினால் விசிறிகள் சுற்றின, உள்ளே லைட் எரிந்தது, மொனிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. திருத்துகிற ஓரிடத்தில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். “போர்ட் செத்துப்போச்சு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதை வைத்துச் சொன்னார்கள் என்று அவனும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் படம் வராத மெஷினெல்லாம் இந்த ஒரே தீர்ப்போடுதான் வீடு திரும்புகிறது. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு ரேமைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் போர்டைச் சாகடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

“மாமா, வேற போர்ட் எடுக்கட்டா?” என்று வந்தான்.

“பொறு மனே. முதல்ல இது உயிரோட கிடக்கா எண்டு பாப்பம்.”

படம் வரவில்லை என்பது ஒரு வருத்தமல்ல, பல வருத்தங்களுக்குப் பொதுவான அறிகுறி. மெஷின் இயங்கத் தொடங்காமலே இருக்கலாம். அல்லது எல்லாம் ஒழுங்காக இயங்கி, படம் மட்டும் வெளியே வராமல் இருக்கலாம். இரண்டுக்கும் திரை ஒரே மாதிரித்தான் இருட்டாக இருக்கும். பிரித்தறியச் சுலபமான வழி கீபோர்டில் இருக்கிறது. மெஷினைப் போட்டு ஒரு நிமிடம் விட்டு, ‘நம் லொக்’ (Num Lock) பட்டனை அமுக்கிப் பாருங்கள். அதன் லைட் அணைந்து எரிந்தால் ப்ராசசர், ரேம், போர்ட் மூன்றும் வேலை செய்கின்றன, பழுது படம் போகும் பாதையில். எத்தனை தரம் அமுக்கியும் அசையாவிட்டால் பழுது அதற்கு முன்னால். விசிறி சுற்றுவதை மட்டும் நம்பக் கூடாது. 12 வோல்ட் வந்தாலே விசிறி சுற்றும், ப்ராசசர் ஒரு கட்டளையைக்கூட ஓட்டியிருக்க வேண்டியதில்லை.

தம்பியின் மெஷினில் நம் லொக் அசையவில்லை.

அடுத்தது போர்டில் உள்ள சின்ன லைட்டுகள். இப்போது வரும் பல போர்டுகளில் ரேம் ஸ்லொட்டுகளுக்குப் பக்கத்தில் நான்கு இருக்கும்: சிபியு (ப்ராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்ட்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்). கீழே எழுத்து மிகப் பொடியாக இருக்கும், டோர்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். மெஷின் எழும்பும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடங்கல். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற பஸ் களுவாஞ்சிக்குடியில் நின்றுவிட்டதென்றால் காத்தான்குடியையும் ஆரையம்பதியையும் தாண்டிவிட்டது என்றுதானே அர்த்தம், அதைப் போல. விஜிஏ லைட் நிற்கிற மெஷினில் ப்ராசசரைச் சந்தேகிப்பது வீண் வேலை. இங்கே முதல் தரிப்பிலேயே, சிபியு லைட்டிலேயே நின்றது.

இந்த லைட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிபியு லைட் நின்றால் ப்ராசசர் பழுது என்று அர்த்தமில்லை. ப்ராசசருக்குப் போகும் கரண்ட், அதன் கால்கள், அது இருக்கும் சொக்கட், அதை அடையாளம் காண வேண்டிய பயாஸ் (மெஷினை எழுப்புவதற்கென்று போர்டிலேயே எழுதி வைத்திருக்கும் மென்பொருள்), எதில் குறை இருந்தாலும் அதே லைட்தான்.

கரண்டைப் பார்ப்பது லேசு. போர்டின் மேல் மூலையில் ப்ராசசருக்கென்று தனியாக 8 பின் கனெக்டர் இருக்கிறது. 24 பின் பெரிய வயரை மாட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். விசிறி சுற்றும், வேறொன்றும் நடக்காது. கிராபிக்ஸ் கார்டுக்கும் 8 பின் வயர்தான், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் பின்களின் ஒழுங்கு வேறு. ப்ராசசர் வயர் 4 கூட்டல் 4 ஆகவும் கார்ட் வயர் 6 கூட்டல் 2 ஆகவும் பிரியும். பலவந்தமாக மாற்றிச் செருகினால் உண்மையாகவே போர்ட் சாகலாம். தம்பி இரண்டையும் சரியாகத்தான் கொடுத்திருந்தான். மொனிட்டர் கேபிளையும் கார்டில்தான் செருகியிருந்தான். 5600 இன் உள்ளே படம் தரும் பகுதி கிடையாது. போர்டின் பின்பக்க எச்டிஎம்ஐயில் எத்தனை நாள் செருகி வைத்தாலும் அதில் ஒன்றும் வராது. 5600ஜி என்று ஜி போட்டால்தான் படம் உண்டு. இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தாலும் இதே கதைதான்.

பிறகு போர்டைக் கேசிலிருந்து முழுதாக வெளியே எடுத்தோம். இது சோம்பலான வேலை, பலர் செய்வதில்லை. ஆனால் கேசின் உள்ளே போர்டைத் தாங்கும் ஒரு பித்தளைக் கால் தவறான இடத்தில் இருந்து போர்டின் பின்பக்கத்தைத் தொட்டாலே மெஷின் எழும்பாது, வெளியே எடுக்காமல் அதைக் காணவும் முடியாது. போர்ட் வந்த மட்டைப் பெட்டியின் மேலேயே போர்டை வைத்தோம். அது சுற்றி வரும் வெள்ளிநிறப் பையின் மேல் வைக்காதீர்கள், அதில் உலோகப் படலம் இருக்கிறது. ப்ராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை, அவ்வளவுதான். கார்ட், ஹார்ட் டிஸ்க், முன்பக்க வயர்கள் எதுவும் இல்லை. பவர் பட்டனுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் மெஷின் ஓடும். வட்டப் பற்றரியைக் கழற்றி, பயாஸ் செட்டிங்கையும் அழித்தோம். மாற்றமில்லை. சிபியு லைட் அப்படியே.

இனி இருந்த ஒரு ரேமையும் கழற்றினோம்.

“ரேம் இல்லாம எப்பிடி மாமா ஓடும்?”

ஓடாது. ஓடாது என்று போர்ட் நமக்குச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான். ரேம் இல்லாத போர்டில் ப்ராசசரும் பயாஸும் உயிரோடு இருந்தால் அவை ரேமைத் தேடும், காணாமல் டிரேம் லைட்டைப் போடும், சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் பீப் போடும். அந்த முறைப்பாடு வந்தால் நல்ல செய்தி. ஒரு சதமும் செலவில்லாத இந்தச் சோதனையை இங்கே யாரும் செய்து நான் கண்டதில்லை. அதற்குப் பதிலாக ரேமை எடுத்து அழிறப்பரால் தேய்க்கிறார்கள். கடற்காற்றில் பல வருடம் கிடந்த ரேமுக்கு அது பலன் தரும். கல்லடியில் கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம், செம்பு எதுவானாலும் சீக்கிரம் பச்சை பிடித்துவிடும். ஆனால் பெட்டி உடைத்த புது ரேமை ஏன் தேய்க்க வேண்டும்?

எங்கள் போர்ட் முறைப்பாடு செய்யவில்லை. ரேம் இருந்தாலும் சிபியு லைட், இல்லாவிட்டாலும் சிபியு லைட். ரேம் இருக்கிறதா என்று பார்க்கும் கட்டத்துக்கே அது வரவில்லை. ஆக ரேம், கார்ட், மொனிட்டர், கேபிள் எல்லாம் இந்தத் தடங்கலுக்கான சந்தேகப் பட்டியலிலிருந்து போயின. மிஞ்சியது ப்ராசசர், போர்ட், பயாஸ் மூன்றும்தான்.

இந்த இடத்தில் ஒரு விலகல். டிடிஆர்4 க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேம் போட்ட மெஷினுக்கு இந்த அவசரம் ஆகாது. முதல் தடவை ஓடும்போது ரேமை அளந்து பழகுவதற்கு அவை சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். அக்கரைப்பற்றில் ஒரு நண்பர் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்து, திரும்பப் போட்டு, திரும்ப அணைத்து, கடைசியில் போனில் என்னிடம் சண்டைக்கு வந்தார். போட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடியுங்கள் என்றேன். குடித்து முடிவதற்குள் படம் வந்துவிட்டது.

எங்கள் மெஷினின் துப்பு பெட்டியில் கிடைத்தது, போர்டை மேலே வைத்திருந்தோமே அதே மட்டைப் பெட்டியில். ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர்: ரைசன் 3000 ப்ராசசர்களுக்குத் தயார். பி450 போர்டுகள் 2018 இல் வந்தவை. 3000 வரிசை 2019 இல் வந்தது. 5000 வரிசை தொடங்கியது 2020 நவம்பரில், அதிலும் இந்த 5600 வந்தது 2022 ஏப்ரலில். சொக்கட் ஒன்றுதான், ஏஎம்4. கால்கள் பிசகாமல் இறங்கும். ஆனால் தனக்குப் பிறகு பிறந்த ப்ராசசரை அந்தப் பழைய பயாஸ் எப்படி அடையாளம் காணும்? 2020 மே மாதத்தில், ரைசனைச் செய்யும் ஏஎம்டி நிறுவனம் 5000 வரிசையை பி450 போர்டுகளில் பாவிக்க முடியாது என்றே முதலில் சொன்னது. வாங்கியவர்கள் கொதித்தெழும்ப, அதே மாதத்துக்குள் முடிவை மாற்றிக்கொண்டது. அதற்கான பயாஸ்கள் பிறகுதான் வெளிவந்தன. பழைய சொந்தக்காரர் அதைப் போட்டிருக்கவில்லை, அவருக்கு அது தேவைப்பட்டிருக்கவும் இல்லை.

பயாஸை அப்டேட் செய்தால் தீர்ந்தது. ஆனால் அப்டேட் செய்ய மெஷின் எழும்ப வேண்டும், எழும்ப அப்டேட் வேண்டும். சில போர்டுகளில் ப்ராசசரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்ற பின்பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும். பாவித்த போர்ட் வாங்குகிறவர்கள் விலையை விட அந்தப் பட்டனைப் பார்த்து வாங்கினால் நல்லது. இதில் இல்லை. பழைய ப்ராசசர் ஒன்று வேண்டும், கொஞ்ச நேரத்துக்கு. 2018 இல் இதே மாதிரிச் சிக்கல் வந்தபோது, ஏஎம்டி தன் வாடிக்கையாளருக்குப் பழைய ப்ராசசர் ஒன்றைக் கடனாக அனுப்பித் திருப்பி வாங்கும் திட்டமே வைத்திருந்தது. எங்களுக்கு அதைச் செய்தவர் காத்தான்குடியில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் ஒரு நானா.

அவருடைய கடை மெஷினை முன்பு ஒருமுறை பார்த்துக் கொடுத்திருந்தேன், அதில் ரைசன் 3 2200ஜி இருப்பது ஞாபகத்தில் இருந்தது. 2018 ப்ராசசர், படம் தரும் பகுதி உள்ளேயே உண்டு, எங்கள் போர்டின் பழைய பயாஸுக்கும் தெரிந்த ஆள். வேறொன்றும் தேவையில்லை. போன் பண்ணினேன். “ப்ராசசர வெளிய தர ஏலா தம்பி, காலைல பொடியனுகள்ட அசைன்மென்ட் வேல இரிக்கி. போர்ட இஞ்ச கொண்டு வாங்க, கடைய பூட்டின பொறகு செய்யலாம்” என்றார். அது இன்னும் நல்லது. அவர் கடையில் யூபிஎஸ் இருந்தது. பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்ட் உண்மையிலேயே பிணம்தான். மாரி காலத்து இரவில் எங்கள் வீட்டு கரண்டை நம்பி அதைச் செய்ய நான் தயாரில்லை.

மழைக்கு உர பேக் ஒன்றால் பெட்டியைச் சுற்றி, தம்பி பின்னால் இருந்து கட்டிப்பிடித்துக்கொள்ள, மோட்டார் சைக்கிளில் நாவற்குடாவைத் தாண்டிப் போனோம். காத்தான்குடியில் நடு வீதிப் பேரீச்ச மரங்கள் மழையில் தலைவிரித்து நின்றன, கடைகளில் பாதி அந்த நேரத்திலும் திறந்துதான் இருந்தன.

ஏஎம்4 ப்ராசசரைக் கழற்றுவதில் ஒரு கண்டம் இருக்கிறது. கால்கள் 1331 உம் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன, சொக்கட்டில் அல்ல. சூட்டைக் கடத்த ப்ராசசருக்கும் கூலருக்கும் இடையில் பூசிய பழைய பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் கூலரைத் தூக்கும்போது பூட்டிய சொக்கட்டிலிருந்து ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் மடியும். அதனால் முதலில் நானாவின் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினோம். அணைத்து, திருகாணிகளைக் கழற்றி, கூலரைத் தூக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகினேன். பேஸ்ட் இளகிக் கழன்று வந்தது. பார்மசியில் வாங்கிய சேர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்து, மூலையில் உள்ள பொன்நிற முக்கோணத்தைப் பார்த்து எங்கள் போர்டில் இறக்கினோம். ப்ராசசர் தன் பாரத்திலேயே இறங்க வேண்டும். அமுக்கி இறக்குகிறவர்கள் பிறகு ஊசியால் கால் நிமிர்த்துவார்கள்.

கேபிளைப் போர்டிலேயே செருகி ஓடவிட்டோம். சிபியு லைட் எரிந்து அணைந்தது, டிரேம் எரிந்து அணைந்தது, படம் வந்தது. ‘செத்துப்போன’ போர்ட் தன் பெயரையும் பயாஸ் திகதியையும் பெரிய எழுத்தில் காட்டிக்கொண்டு நின்றது. திகதி 2019. தம்பி அதைப் போனில் படம் எடுத்தான், யாருக்குக் காட்ட என்று நான் கேட்கவில்லை.

பயாஸ் பைலைப் பென் டிரைவில் ஏற்கனவே போட்டு வைத்திருந்தேன். பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் போர்மட் செய்திருக்க வேண்டும். பைலை போர்டைச் செய்த கம்பனியின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும், மொடல் பெயர் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். சில போர்டுகளுக்கு நேராகப் புதியதுக்குப் போக முடியாது, இடையில் ஒரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் தாவ வேண்டும். அந்தக் குறிப்பு தளத்தில் பொடி எழுத்தில் இருக்கும், வாசிக்காமல் இறங்கக் கூடாது. அப்டேட் ஓடிய சில நிமிடமும் நாங்கள் மூவரும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். முடிந்து, திரும்ப எழும்பி, புதுத் திகதியைக் காட்டிய பிறகுதான் நானா தேத்தண்ணிக்குச் சொன்னார். 2200ஜியைப் புதுப் பேஸ்ட் போட்டு அவர் மெஷினில் பூட்டி, ஓடுவதைக் காட்டிவிட்டு வெளிக்கிட்டோம்.

வீட்டுக்கு வந்து 5600 ஐ இறக்கி, கார்டையும் மாட்டி, பட்டனை அமுக்கினால் திரை பழையபடி இருட்டு. தம்பியின் முகம் செத்துவிட்டது. “மறுகா அதேதான் மாமா.”

அதே அல்ல. சிபியு அணைந்துவிட்டது, டிரேமும் அணைந்துவிட்டது, நிற்பது விஜிஏ. நம் லொக் லைட் அமுக்க அமுக்க அணைந்து எரிந்தது. பஸ் இரண்டு தரிப்பைத் தாண்டி வந்திருந்தது. திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் தெரியாது, பயாஸ் செய்ததே வீண் என்று தோன்றும். இரண்டு பழுது ஒன்றாக இருக்கிற மெஷினில் சரியானதைச் செய்த பிறகும் படம் வராது. அந்த இடத்தில்தான் ஆட்கள் சரியாகச் செய்ததைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

கார்டின் விசிறி சுற்றியது, கரண்ட் போகிறது. எச்டிஎம்ஐயை விட்டு டிஸ்ப்ளே போர்ட்டிலும் பார்த்தோம், இல்லை. அப்போதுதான் இது மைனிங்கில் கிடந்த கார்டாக இருக்கலாம் என்ற யோசனை வந்தது. மைனிங் செய்கிறவர்கள் வேகத்துக்காக கார்டின் உள்ளே இருக்கும் பயாஸை மாற்றி எழுதுவார்கள். கார்டுக்கும் தனியாக ஒரு பயாஸ் உண்டு. அப்படி மாற்றியவற்றில் சில, கணக்குப் போடும், படம் காட்டாது. ஆர்எக்ஸ் 580 கார்டுகள் சிலவற்றில் இரண்டு பயாஸ் இருக்கும், மேல் விளிம்பில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு குட்டி சுவிட்ச். பெரும்பாலும் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதைக் கம்பனி தந்தபடியே விட்டிருப்பார்கள். தூசியைத் துடைத்துப் பார்த்தால் இந்தக் கார்டிலும் இருந்தது. கரண்டைக் கழற்றிவிட்டு சுவிட்சை மறுபக்கம் தள்ளி, திரும்பப் போட்டோம்.

முதலில் வந்த படம் ஒரு கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும். புது ப்ராசசர் போடப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) தரவை அழிக்கவா, ‘வை’ (Y) அல்லது ‘என்’ (N) அமுக்கு என்று கேட்டது. இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. விண்டோஸின் பிட்லொக்கர் பூட்டைப் போட்டு மூடிய பழைய டிஸ்க் உள்ள மெஷின் என்றால் மீட்புச் சாவி கையில் இல்லாமல் ‘வை’ அமுக்கக் கூடாது. விண்டோஸே போடாத புது மெஷினில் அழிய ஒன்றுமில்லை. தம்பி ‘வை’ அமுக்கினான். பயாஸுக்குள் போய், 2400 இல் ஓடிக்கொண்டிருந்த ரேமை, அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி செட்டிங்கைப் போட்டு 3200 க்கு ஏற்றினோம், கையோடு விண்டோஸும் ஏறத் தொடங்கியது.

அடுத்த கிழமை பேப்பர் கட்டு வாங்க நானாவின் கடைக்குப் போனபோது அன்றைய வேலைக்குக் காசு கொடுக்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார். அவருடைய 2200ஜி பற்றி அதற்குள் இன்னும் யாரோ கேட்டு வந்திருக்கிறார்கள், தம்பி எங்கேயோ சொல்லியிருக்கிறான். “ஆருக்கும் வேணுமெண்டா வெள்ளிக்கிழமை ஜும்ஆக்குப் பொறகு வரச் சொல்லுங்க, அண்டைக்கு வேல குறைவு” என்றார். “பேஸ்ட் மட்டும் அவங்க கொண்டு வரட்டும்.”